ஒருநாளும் விடல

“வலப்பக்கம் முதல்ல” என்றார் மோதினார். அதற்குள் மாஹீன் ஒரு செம்பு வெந்நீரை இடப்பக்கம் ஊற்றியிருந்தான். கட்டிலில் கிடந்தவருக்கு அதனால் குறை ஒன்றும் வந்துவிடாது. அவர் எந்தக் காரியத்தையும் சரியான பக்கத்திலிருந்து தொடங்கியவரில்லை.

கட்டிலில் கிடந்தது மாஹீனின் காக்கா, உடன்பிறந்த அண்ணன், சேக் முகம்மது. அறுபத்து மூன்று வயது. சரக்குக் கப்பலில் இருபத்திரண்டு வருடம் சமையல் வேலை பார்த்தவர். கோட்டாற்று வீட்டில் அன்று காலை சுபுஹு பாங்கு சொல்லி முடிந்த கையோடு, ஏதோ சொல்ல வந்ததைப் பாதியில் விட்டதுபோல மூச்சை நிறுத்திக்கொண்டார். பாதியில் விட்ட ஒரே பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

புறவாசலில் நாலு பக்கமும் வேட்டி கட்டி மறைத்திருந்தார்கள். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரின் பச்சை வாசம். மோதினார் இரண்டு ஜோடி ரப்பர் கையுறை கொண்டுவந்திருந்தார். ஒன்றைத் தான் மாட்டிக்கொண்டு மற்றதை மாஹீனிடம் நீட்டினார். டிபி என்று கேள்விப்பட்டேன், எதற்கும் இருக்கட்டும் என்றார்.

டிபி என்பது பொய்யில்லை. கடைசியில் மூளைவரை போய்க் காரியத்தை முடித்தது டிபிதான். ஆனால் டிபிக்குக் கதவைத் திறந்துவிட்டது பத்து வருடமாக உள்ளே குடியிருந்த ஹெச்ஐவி. அது ஊருக்குத் தெரியாது. வீட்டில் மூன்று பேருக்குத் தெரியும், அதில் ஒருவர் இப்போது கட்டிலில் கிடக்கிறார்.

மாஹீன் கையுறையை வாங்கிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டான். கையுறை மாட்ட வேண்டிய வேலையை அந்தக் கை ஐந்து வருடம் முன்பே வெறுங்கையாய்ச் செய்து முடித்திருந்தது.

முன்வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மரண வீட்டில் சிரிப்பா என்று மோதினார் நிமிர்ந்து பார்த்தார், பிறகு அவரும் காது கொடுத்தார். எதிர்த்த டீக்கடை தேவகுமார் திமிங்கலக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். டக்கார் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு திமிங்கலம் கப்பலோடு கூடவே வந்ததாம். சேக் முகம்மது மிஞ்சிய ஆப்பத்தைத் தூக்கிப் போட்டாராம். அதிலிருந்து பதினேழு நாள் காலை எட்டு மணிக்குச் சமையல்கட்டு சன்னலுக்கு நேராகத் தலையைத் தூக்கிக் காத்திருக்குமாம். பதினெட்டாம் நாள் இட்லி போட்டார். கோபித்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

“திமிங்கலத்துக்கு இட்லி ஏன் ஓய் புடிக்கலைன்னு கேட்டேன். கடல்ல கெடக்கிற சாதனம்லா, உப்பு பத்தலடேங்காரு” என்றான் தேவகுமார்.

சேக் முகம்மது சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட ஊரில் யாரும் நம்பியதில்லை. கேட்காமல் எழுந்து போனவனும் இல்லை. அது ஒரு மாதிரியான மரியாதை. ஆனால் அந்த மரியாதை ஒரு மனிதனுக்கு எந்த இடத்தில் உதவாமல் போகும் என்று மாஹீனுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

பத்து வருடம் முன்பு காக்காவுக்கு விடாமல் காய்ச்சல் அடித்து, ரத்தம் சோதித்து, நோய் இன்னதென்று தெரிந்த அன்று டாக்டர் சொன்னது சின்ன விஷயம்தான். மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை. தினம் ராத்திரி ஒன்று, ஆயுள் முழுக்க. காக்காவின் மனைவி, மைனி சைனப் பீவியையும் சோதித்தார்கள், அவளுக்கு இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் மாசாமாசம் வரிசையில் நின்று மாத்திரை டப்பா வாங்க வேண்டும். யார் போவது என்று கேள்வி வந்தபோது மாஹீன் முந்திக்கொண்டான். காக்கா போனால் வரிசையில் முன்னால் நிற்பவனிடம் ஒரு கதை, பின்னால் நிற்பவனிடம் ஒரு கதை. மாத்திரை கைக்கு வருவதற்குள் நோய் இன்னதென்று வடசேரிச் சந்தை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். வீட்டில் நாளைக்குக் கட்டிக்கொடுக்க வேண்டிய பெண் இருக்கிறாள், மாஹீனின் மகள் தஸ்ரின். காக்கா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வாயில் மாஸ்க் கட்டி வந்து ரத்தம் கொடுத்தால் போதும், மற்ற மாசமெல்லாம் மருந்துப் புத்தகத்தைக் கொண்டுபோய் நான் வாங்கி வருகிறேன் என்றான்.

ஐந்து வருடம் ஒரு மாசம் தவறாமல் வாங்கினான். குடைக்கடை வைத்திருப்பவனுக்கு வெயில் காலத்தில் வேலை குறைவு, மழைக்காலத்தில் அதிகம். ஆனாலும் மழைக்காலத்திலும் கடையைப் பூட்டிவிட்டுப் போய் நின்றான். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சில ராத்திரி அவனே அவனிடம் வாதாடியதுண்டு. எடுபட்டதில்லை.

கெடுத்தது ஒரு நல்ல செய்திதான். ஐந்தாம் வருடம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, ரத்தத்தில் கிருமி இருப்பதே தெரியவில்லை, அருமையாக இருக்கிறது என்றார். அருமையாக இருப்பது மருந்தினால் என்று அவர் சொல்லவில்லையா, மாஹீன் காதில் வாங்கவில்லையா என்பது இப்போது நினைவில்லை. அவன் காதில் விழுந்தது, கிருமி இல்லை என்பது மட்டும். வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவனுக்கு எதற்கு மாசாமாசம் நோட்டீஸ் என்று அவனுக்கு ஒரு எண்ணம் ஓடியது.

அந்த எண்ணத்தை அவன் பிடித்துக்கொள்ள வேண்டிய நாளும் சீக்கிரமே வந்தது. தஸ்ரினுக்குத் தேங்காப்பட்டணத்திலிருந்து ஒரு சம்பந்தம். பையனின் தாய்மாமன், ஆஸ்பத்திரி வளாகத்தில் புதிதாக ஜெராக்ஸ் கடை போட்டிருந்தார். சரியாக அந்த மாத்திரை கொடுக்கிற கட்டடத்தின் படிக்கு எதிரே. காலையிலிருந்து மாலைவரை அந்தப் படியில் ஏறுகிற முதுகுகளைப் பார்ப்பதுதான் அவருக்கு வேலை. எந்த முதுகு எதற்காக ஏறுகிறது என்று ஒரு வாரத்திலேயே மனப்பாடம் ஆகியிருக்கும். சித்திரை மாசம் மாஹீன் ஸ்கூட்டரில் போய், அவரைப் பார்த்து, அவர் இவனைப் பார்ப்பதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டான்.

காக்காவிடம் சொல்லியிருக்கலாம். மைனியிடம் சொல்லியிருந்தால் அவளே புர்க்காவைப் போட்டுக்கொண்டு போயிருப்பாள். ஆனால் பத்தொன்பது வயதுப் பெண்ணின் தகப்பன் புத்தி நேர்வழியில் போகவில்லை. ஒரு மருந்துக்கடையில் சத்து மாத்திரைகளை வரிசையாகப் பார்த்து, அளவும் நிறமும் ஒத்துவருகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். பழைய டப்பாவில் போட்டு மூடினான். பார்த்தால் அசல். மூன்று மாசம், சம்பந்தம் உறுதியாகும்வரை. கிருமிதான் இல்லையே.

ஆஸ்பத்திரியில் கவுன்சிலராக இருந்த பெமிலா போன் செய்தாள். ஏன் மருந்து வாங்க வரவில்லை என்று கேட்டாள். காக்கா பம்பாயில் பழைய கப்பல் கூட்டாளி வீட்டில் இருக்கிறார், அங்கேயே வெளியில் வாங்கிக்கொள்கிறார் என்றான். அவள் எழுதிக்கொண்டாள்.

வீட்டில் சைனப் பீவி ஒவ்வொரு நாளும் ராத்திரி இஷா தொழுததும் ஒரு தட்டில் மாத்திரையும் பக்கத்தில் தண்ணீரும் வைத்து, காக்கா விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். அதில் நோன்பு மாசமும் வந்தது. நோன்பு திறந்து, தராவீஹ் தொழுகை முடிந்து வந்து, காக்கா ஒழுங்காக விழுங்கினார்.

ஒரு நாள் குடைக்கடைக்கு வந்து உட்கார்ந்தார். முகம் களையிழந்திருந்தது. அந்த மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு, ராத்திரி கனவை அள்ளிக் கொட்டும். டாக்டரே ஆரம்பத்தில் சொல்லித்தான் கொடுத்தார். மற்றவர்கள் அதைத் தொல்லை என்பார்கள். காக்காவுக்கோ அது கச்சாப் பொருள். காலையில் எழுந்து டீக்கடைக்குப் போகும்போது மூட்டை நிறைய இருக்கும்.

“மாத்திரைய மாத்திட்டானுவளா லே? ஒரு மாசமா ஒரு கனவு வரமாட்டேங்கு. தேவகுமார் கடையில சும்மா டீ குடிச்சிட்டு வாறேன்.”

கம்பெனி மாறியிருக்கும் என்றான் மாஹீன். ஒரு குடையை விரித்து, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். புதுக் குடை. அதில் ஓட்டை இருக்க வழியில்லை.

சம்பந்தம் நடக்கவில்லை. பையனின் உம்மாவுக்கு தஸ்ரினின் பல்வரிசை பிடிக்கவில்லையாம். தாய்மாமன் ஜெராக்ஸ் கடையில் காற்று வரவில்லை என்று இடத்தை மாற்றிக்கொண்டு போனார். மாஹீன் மறுபடி வரிசையில் நின்று அசல் மாத்திரையை வாங்கினான். மூடியைத் திருகும்போது எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தான்.

எட்டு மாசம் கழித்துப் பார்த்த ரத்தத்தில் கிருமி ஆயிரக்கணக்கில் இருந்தது. மாத்திரை போய்க்கொண்டிருந்தது, கிருமி அதைச் சட்டை செய்யவில்லை. டாக்டர் காக்காவையும் மாஹீனையும் எதிரே உட்காரவைத்து, நடுவில் மாத்திரையை விட்டீர்களா என்று கேட்டார்.

“ஒருநாளும் விடல” என்றார் காக்கா.

டாக்டர் புத்தகத்தைப் புரட்டினார். மூன்று மாசம் இங்கே வாங்கவில்லையே, பம்பாயில் இருந்ததாக எழுதியிருக்கிறதே என்றார்.

அந்த வருடம் திருநெல்வேலியைத் தாண்டாத சேக் முகம்மது மெதுவாகத் தலையைத் திருப்பித் தம்பியைப் பார்த்தார். ஒரு டீ கிளாஸை மேசையிலிருந்து வாய்க்குக் கொண்டுபோகிற நேரம். அவ்வளவுதான். பிறகு டாக்டர் பக்கம் திரும்பிக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

“பம்பாய்ல இதுக்கெல்லாம் லைன்ல நிக்க வேண்டாம் டாக்டரே. ஏழாவது மாடில ஒரு பார்சிக்காரக் கெழவி. அவ கையால தரமாட்டா. ஒரு கிளி வளக்கா. அது டப்பாவுல தலைய விட்டு ஒண்ணே ஒண்ணு கொத்தி நம்ம உள்ளங்கையில வைக்கும். ரெண்டு கேட்டா விரலக் கடிச்சிரும். எனக்கு ஒரு நாளும் தப்பாம கொத்திச்சு.”

டாக்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே புத்தகத்தில் ஏதோ எழுதினார். காக்கா வாழ்க்கையில் சொன்ன ஒரே சுத்தமான உண்மை ‘ஒருநாளும் விடல’ என்பது. டப்பாவில் இருந்ததை அந்த மனிதர் ஒருநாளும் விட்டதில்லை. கிளிக்கதை வந்து அதையும் மூடிவிட்டது.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, செட்டிகுளம் சந்திப்பில் சிக்னலுக்கு நிற்கையில் கேட்டார்.

“பம்பாய்ல வெயில் எப்படி இருந்துது மக்கா?”

மாஹீன் சிவப்பு விளக்கையே பார்த்தான். பச்சை விளக்கு விழுந்தது. காக்கா அதற்குப் பிறகு அதைக் கேட்கவேயில்லை.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாஹீனுக்குத் தப்பிக்க ஒரு வழி தெரிந்தது. கப்பலில் எங்கெல்லாம் போயிருக்கிறார் என்று டாக்டர் விசாரித்தார். டக்கார், அபிஜான் என்று காக்கா உற்சாகமாக அடுக்கினார். இந்தக் கிருமியிலேயே பல வகை உண்டு, ஆங்கில எழுத்தால் பெயர், நம் நாட்டில் அதிகம் ‘சி’, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் வேறு, வகையைப் பொறுத்து மருந்துக்குப் பழகும் விதமும் கொஞ்சம் மாறும், எதற்கும் பார்க்கலாம் என்று சொல்லி ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்.

மாஹீன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். வீட்டுக்கு வந்து மைனியிடம், இது வெளிநாட்டு வகையாம், நம்மூர் மாத்திரை கேட்காதாம் என்றான். காக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. நம்ம ரத்தத்தில் ஓடுவது பாரின் சரக்கு என்று நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்குள்ளேயே நடந்தார். வெளியே சொல்ல முடியாததுதான் ஒரே வருத்தம். அந்த நாற்பது நாளும் மாஹீன் ஐந்து வேளையும் தொழுகைக்குப் பின் கையேந்தினான். ஏ, பி, டி, ஜி, எதுவானாலும் சரி, சி மட்டும் வேண்டாம். அல்லாஹ்விடம் ஆங்கில எழுத்தைக் கேட்டு துஆ செய்தவன் கோட்டாற்றில் அவனுக்கு முன் யாரும் இருந்திருக்கமாட்டான்.

ரிப்போர்ட் வந்தது. சி.

டாக்டர் விளக்கினார். வகையின் மேல் பழி போடுவதற்கில்லை. எந்த வகையானாலும் மாத்திரை தினம் உள்ளே போனால் அடங்கிக் கிடக்கும், இடையில் விட்டால் எந்த வகையும் மருந்துக்குப் பழகிக்கொள்ளும், சொல்லப்போனால் இந்த மாத்திரையில் ஒரு மருந்துக்கு நம்ம சி கொஞ்சம் சீக்கிரமாகவே பழகும். காக்கா மனம் உடைந்துபோனார். இருபத்திரண்டு வருடம் உலகத்தைச் சுற்றியும் கடைசியில் உள்ளூர்ச் சரக்கா என்று கேட்டார்.

பெமிலா வெளியே உட்கார்ந்திருந்த சைனப் பீவியைத் தனியே அழைத்துப்போய், வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார் என்று கேட்டாள். நான்தான் என்றாள் அவள். பெமிலா நல்ல பெண், திட்டவில்லை. புது மருந்து டப்பாக்களை அவள் கையில் வைத்து, இனியாவது ஒருநாளும் விடாமல் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

அந்த ‘இனியாவது’வைச் சைனப் பீவி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். திருவிதாங்கோட்டுக் கல்யாணத்துக்குப் போய் ஒரு ராத்திரி தாமதமாக வந்ததை நினைத்தாள். கரண்டு போன ஒரு மழை நாளில் கண் அசந்துவிட்டுப் பதினொன்றுக்கு எழுப்பிக் கொடுத்ததை நினைத்தாள். அந்த இரண்டையும் நாலு வருடம் நினைத்தாள். புது மருந்து கிருமியைக் கட்டிவைத்தது, ஆனால் அதற்குள் கரைந்த உடம்பு திரும்பவில்லை. மாஹீன் இந்த நாலு வருடமும் அவள் நினைப்பதைப் பார்த்துக்கொண்டே வந்து, அவள் ஊற்றிய டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

“கற்பூரத் தண்ணி” என்றார் மோதினார். கடைசிச் செம்பு. இந்தத் தடவை மாஹீன் சரியான பக்கத்தில் ஊற்றினான்.

கபன் துணி மூன்றையும் சுற்றி, முகத்தை மட்டும் திறந்து, நடு அறையில் கொண்டுவந்து வைத்தார்கள். காக்காவின் மகன் ரிஜ்வானுக்கு சவுதி தம்மாமிலிருந்து மறுநாள்தான் விமானம். ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்து அவனுக்கு முகத்தைக் காட்டினார். திரையில் அவன் வாயை மூடிக்கொண்டு அழுதான். பெண்கள் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு விலகினார்கள். அவர்களுக்கிடையில் பெமிலாவும் வந்து நின்றாள். யார் இவள் என்று ஒரு மாமி மாஹீனிடம் கேட்டாள். கேஸ் ஏஜென்சி என்றான். சிலிண்டர் போடுகிற இடத்திலிருந்து துக்கம் கேட்க ஆள் வருவதை அந்த மாமி அதிசயமாகப் பார்த்தாள்.

பெமிலா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணே, அந்தக் கிளிக்கதைய நான் இப்பவும் எம்பிள்ளையளுக்குச் சொல்லுகேன். மாத்திரையும் ஒழுங்கா எடுத்திருந்தாவன்னா இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாவ.”

மாஹீன் தலையாட்டினான். தலை எதற்கும் ஆடக்கூடியதாக இருந்தது.

கடைசியாகச் சைனப் பீவியைக் கொண்டுவந்தார்கள். வெள்ளைத் துணி உடுத்தியிருந்தாள். அழவில்லை. முகத்துக்கு அருகே குனிந்து, எப்போதும் மாத்திரை கொடுக்கும்போது பேசுகிற குரலில் சொன்னாள்.

“பொருந்திக்கிடுங்கோ. ஒங்கள எங்கையில ஒப்படச்சாவோ. நா சரியாப் பாக்கல. ரெண்டு நாளு அசந்துபோயிட்டேன். பொருந்திக்கிடுங்கோ.”

சுற்றி நின்ற பெண்களுக்கு எதைச் சொல்கிறாள் என்று தெரியாது. முப்பத்தைந்து வருடம் வாழ்ந்தவள், ஏதோ இரண்டு நாள். அவர்கள் அழுதார்கள். பெமிலாவுக்குப் பாதி தெரியும். முழுதும் தெரிந்தவன் இரண்டு கை தூரத்தில், கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தான்.

மய்யத்து வாசல் தாண்டியதும் சைனப் பீவி இத்தாவில் உட்கார்ந்துவிடுவாள். நாலு மாசம் பத்து நாள் ஓர் அறைக்குள். மகன், உடன்பிறந்தவன் தவிர வேறு ஆண் முகம் பார்க்கமாட்டாள். கணவனின் தம்பி அந்தக் கணக்கில் வேற்று ஆண். சொல்வதென்றால் இப்போது. மாஹீன் வாயைத் திறந்தான். மைனி என்று அவன் கூப்பிட்டதும், லுஹர் தொழுகைக்கு நேரமாகிறது, தூக்குங்கள் என்று மோதினார் சொன்னதும் ஒரே சமயம் நடந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். மய்யத்துப் பெட்டியான சந்தூக்கின் முன்கால் அவன் தோளுக்கு வந்துவிட்டது. பாரம் தோளில் ஏறியதும் அவனுக்கு வெட்கக்கேடான ஓர் ஆறுதல் ஏற்பட்டது. தூக்கிக்கொண்டிருப்பவனிடம் யாரும் எதுவும் எதிர்பார்க்கமாட்டார்கள்.

பள்ளிவாசலில் தொழுகைக்கு முன்னால் இறந்தவரின் ஆள் ஒருவர் எழுந்து நின்று, ஜமாஅத்திடம் அவருக்காகப் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்க வேண்டும். மகன் இல்லாததால் தம்பி. எல்லோரும் வரிசையாக நின்று அவனைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டிய வாசகம் சின்னது, அவன் அதைப் பிறர் வாயில் நூறு தடவை கேட்டிருக்கிறான்.

“எங்க காக்கா சேக் முகம்மது, ஒங்கள்ல யாரையும் சொல்லாலயோ செயலாலயோ நோவிச்சிருந்தா, அல்லாஹ்வுக்காவ பொருந்திக்கிடுங்கோ.”

பொருந்திக்கொண்டோம் என்று வரிசைகள் முணுமுணுத்தன. அத்துடன் உட்கார்ந்திருக்கலாம்.

“அவ்வோ நெறைய கதை சொல்லியிருக்காவோ” என்றான் மாஹீன். வாசல் பக்கம் யாரோ லேசாகச் சிரித்தார்கள். “அதெல்லாம் நீங்க நம்பல. நம்ப வேண்டாம். மருந்து ஒருநாளும் விடலன்னு சொன்னாவோ. அது நெசம்.”

இமாம் கொஞ்சம் காத்துப் பார்த்தார். மேற்கொண்டு வரும் என்று நினைத்திருப்பார். வரவில்லை. துக்கத்தில் மனிதர்கள் சம்பந்தமில்லாமல் பேசுவார்கள் என்று அவருக்கு அனுபவம் உண்டு. தக்பீர் கட்டினார். தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒருவர் மாஹீனின் தோளைத் தட்டி, நல்லாச் சொன்னிய என்றார். பாதி உண்மையை ஊர் நடுவே சொல்லிப் பாராட்டு வாங்கியாகிவிட்டது. அது அவனைக் கொன்றது.

மண்ணள்ளிப் போட்டு, தலைமாட்டில் மீசான் கல் நட்டு, எல்லோரும் கலைந்த பின்னும் அவன் நின்றான். கேட்க வேண்டியவரிடம் பொருத்தம் கேட்கலாம் என்று நின்றான். ஆனால் மண்ணுக்குள் இருக்கிறவர் பதில் சொல்லமாட்டார் என்பது எவ்வளவு வசதி என்று உடனே உறைத்தது. அந்த வசதியில் அவனுக்குக் கூச்சம் வந்தது. வீட்டுக்கு நடந்தான்.

வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுவந்த சோற்றைப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அவனை உட்காரச் சொன்னார்கள். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்து முடுக்குக்குப் போனான். ஆள் ஒருக்களித்துப் போகிற அகலம்தான். இத்தா அறையின் சன்னல் அந்த முடுக்கைப் பார்த்து இருந்தது. பழைய சன்னல், மேலுக்கு இரண்டு கதவு, கீழுக்கு இரண்டு கதவு. எல்லாம் திறந்து, உள்ளே ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள்.

சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று கூப்பிட்டான்.

“மைனி. நான் மாஹீன்.”

உள்ளே ஓதிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. யாரோ ஒரு பெண்ணை வெளியே போகச் சொல்வது கேட்டது. கதவு சாத்தும் சத்தம். பிறகு துணிக்கு அந்தப் பக்கம் ஆள் வந்து நிற்பது தெரிந்தது.

அவன் சொன்னான். ஜெராக்ஸ் கடையிலிருந்து தொடங்கினான். காக்கா மாதிரி அலங்காரமாகச் சொல்ல அவனுக்கு வராது. கோர்வையாகக்கூட வரவில்லை. முதலில் தஸ்ரினின் சம்பந்தம், அப்புறம் மருந்துக்கடை, அப்புறம் மறுபடி ஸ்கூட்டரைத் திருப்பியது. பம்பாயைச் சொன்னான். கிளியைச் சொன்னான். பந்தியிலிருந்து இன்னும் கொஞ்சம் சாம்பார் என்று யாரோ கேட்பது முடுக்குவரை வந்தது.

“எந்த மூணு மாசம்?”

“சித்திரை, வைகாசி, ஆனி. நோம்பு மாசம் நடுவுல.”

துணி அசையவில்லை.

“அந்த நோம்பு முழுக்க நான் அலாரம் வச்சுத்தான் குடுத்தேன்” என்றாள் சைனப் பீவி. “ஒரு நிமிசம் பிந்தல.”

“தெரியும் மைனி.”

“நான் குடுத்தது என்ன?”

“சத்து மாத்திரை.”

இனி வசவு வரும் என்று அவன் காத்தான். நாலு வருடமாக அவன் காத்தது அதற்குத்தான். வந்தால் நன்றாக இருக்கும். அவள் குரல் வந்தபோது அதில் வசவு இல்லை, கூட்டத்தில் வழி கேட்கிறவளின் குரலாக இருந்தது.

“அவ்வோளுக்குத் தெரியுமா?”

மாஹீன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். தெரியாது என்று ஒரு சொல் வாய்க்குள் தயாராக நின்றது. அது நல்ல சொல். அவளுக்கும் நல்லது, அவனுக்கும் நல்லது. காக்காவாக இருந்தால் அந்த ஒரு சொல்லை வைத்து ஒரு கப்பலையே கட்டி மிதக்கவிட்டிருப்பார்.

“தெரியும்” என்றான். “தெரிஞ்சுதான் டாக்டர்கிட்ட எனக்காவக் கதை சொன்னாவோ.”

பிறகு துணிக்குப் பின்னால் ஒரு கை நீண்டு, மேல்கதவு இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துச் சாத்தியது. மேல்கொண்டி விழுந்தது.

கீழ்க்கதவு அப்படியே கிடந்தது. காற்றில் துணி சற்று விலகியபோது, உள்ளே சிமெண்டுத் தரையில் அவள் கால் இரண்டும் தெரிந்தன. சன்னலை விட்டு நகரவுமில்லை, குனியவுமில்லை. முடுக்கு வாசலில் வந்து ஒருவர், சாப்பிடாமல் இங்கே என்ன செய்கிறாய் என்று மாஹீனைக் கூப்பிட்டார். வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு, அவன் அந்தக் கால்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சாயங்கால அசர் பாங்கு சொன்னார்கள். கீழ்க்கொண்டி இன்னும் விழவில்லை.